திருப்பூரில் பழகிப் போத்தனூரில் வாசித்த கிதார்

1967 டிசம்பர் 4, திங்கட்கிழமை என்று தேதியிட்டு, பினாங்கிலுள்ள எங்கள் துணிக்கடை முதலாளி திருப்பூரின் ஒரு பனியன் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது. தட்டச்சு செய்தவன் நான். "தாங்கள் சென்ற முறை அனுப்பிய முப்பத்தாறு அங்குலப் பனியன்கள் ஒரே தோய்ப்பில் என் பத்து வயது மகளுக்கு அளவாகிவிட்டன. ஆகவே அடுத்த சரக்கைக் கட்டும் முன் ஒவ்வொரு தினுசையும் நனைத்து, உலர்த்தி, அளந்து பார்க்க எங்கள் ஆள் ஒருவர் நேரில் வருவார்." அந்த ஆளும் நான்தான். கிதாரைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஜனவரி 10, புதன்கிழமை காலை திருப்பூரில் இறங்கினேன். ரயிலடிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்தது. முதல் நாள் காலை ஆகாரமாக இலையில் சந்தகை என்ற அரிசிச் சேவை வைத்தார்கள். எங்கள் ஊரில் சைக்கிளில் கூடை வைத்து, தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவி விற்கிறார்களே புட்டுமாயம், அதன் நெருங்கிய உறவு இது. இங்கே அதைத் தாளித்தும் தருகிறார்கள், தேங்காய்ப் பால் ஊற்றியும் தருகிறார்கள். இரண்டையும் கேட்டேன். பரிமாறியவர், "ஒறம்பரைக்கு வந்தவருங்க, கேட்டதக் குடுக்கோணும்" என்று சமையற்கட்டைப் பார்த்துச் சொன்னார். விருந்தாளி என்பதற்கு இந்தப் பக்கத்துச் சொல் அது. காப்பியில் பால் மிகுதி. அதற்கு மூன்று நாளில் பழகினேன்.

ஊருக்குள் நடந்தால் எந்தச் சந்திலும் பின்னல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். மின்சாரம் போனால் எல்லாம் ஒரே நொடியில் நின்று, தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரல் திடீரென்று பெரிதாகிவிடும். நொய்யல் கரை நெடுக வெளுத்த துணி காய்ந்தது. நான் நனைத்த பனியன்களும் அங்கேதான் காயப்போடப்பட்டன. ஒரு தினுசை நனைத்தால் அது காய்ந்து வரும்வரை எனக்கு வேலை கிடையாது. இந்தக் காத்திருப்புதான் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது.

கம்பெனி முதலாளி சென்னியப்பன், நெசவுக் குடும்பத்திலிருந்து பனியனுக்கு வந்தவர். ஒவ்வொரு தினுசின் முதல் உருப்படியையும் முருகன் படத்தின் முன் வைத்துவிட்டுத்தான் என் கையில் தருவார். "அளந்துக்குங்க. சாமியே பாத்தாச்சு, இருந்தாலும் நீங்களும் பாத்துக்குங்க" என்பார். நானும் அளப்பேன். முதல் தினுசு ஒன்றேகால் அங்குலம் சுருங்கியது. அதைச் சொன்னபோது அவர் முருகனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 17, புதன்கிழமை கம்பெனி திறந்தது. ஆபீஸ் அறையில் ஆங்கிலக் கடிதங்கள் அடிக்கும் மிஸ் மேவிஸ், தட்டச்சு செய்துகொண்டே சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். போத்தனூர் ரயில்வே குடியிருப்பைச் சேர்ந்த ஆங்கிலோ-இந்தியர், வயது இருபத்தொன்பது, தினமும் ரயிலில் வந்து போகிறவர். அவர் சீட்டி அடித்தது ஒரு ப்ளூஸ், ஒரே சுற்று இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப வரும் ஜாஸ் வகை மெட்டு. பினாங்கில் கடற்கரை ஹோட்டலுக்கு வெளியே நின்று, உள்ளே வாசிக்கும் பிலிப்பினோ குழுக்களைப் பல வருடம் கேட்டவன் நான். நூலகத்தில் வரும் இசைப் பத்திரிகைகளில் ஜாஸ் பற்றிய பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்தவன். பன்னிரண்டு பாகம் முடிந்து மெட்டு முதலுக்குத் திரும்பிய இடத்தில் விரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். அவர் தட்டச்சை நிறுத்திவிட்டார்.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

"எங்கே திரும்புகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணினேன்."

"கிதார் வாசிப்பீர்களா?"

"தொட்டதே இல்லை."

"நல்லது. கெட்ட பழக்கம் ஒன்றும் இருக்காது" என்றார் மேவிஸ்.

விஷயம் இதுதான். போத்தனூரில் ரயில்வேக் குடும்பங்களுக்கு ஒரு நடன மன்றம் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே வாசித்து வந்த நான்கு பேர் குழுவில், தாளக் கிதார்க்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். மீதி மூன்று பேர். முன்னணிக் கிதார் மேவிஸ், பெரிய பாஸ் வாத்தியம் அவருடைய சித்தப்பா ஆல்பி, டிரம்ஸ் சரக்கு ரயில் ஃபயர்மேன் நெவில். மன்றத்தின் கமிட்டிக்கு ஒரு பெண் குழுவுக்குத் தலைமை தாங்குவதில் முன்பிருந்தே அவ்வளவு பிடித்தம் இல்லை. இப்போது அவர்களுக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. மேடையில் நான்கு பேர் இல்லாவிட்டால் அது குழுவே அல்ல, இசைத்தட்டு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். ஈஸ்டருக்கு முன்பு வரும் தவக்காலத்தில் நடனம் கிடையாது; அது தொடங்கும் முன் கடைசி நடனம் பிப்ரவரி 24, சனிக்கிழமை. அதைக் கேட்டுவிட்டு, ஈஸ்டருக்குப் பிறகு சனிக்கிழமைகள் யாருக்கு என்று முடிவு செய்வார்கள். மேவிஸின் உறவினர் ஒருவர் நன்றாக வாசிப்பவர், ஜோலார்பேட்டையில் வேலை. அவருக்குப் போத்தனூருக்கு மாற்றல் வருவது ஏப்ரலில்தான். அந்த ஒரு நடனத்துக்கு நான்காவது ஆளாக வர முடியுமா என்று மேவிஸ் கேட்டார்.

"போத்தனூரில் வேறு ஆளே இல்லையா?" என்று கேட்டேன்.

"கிதார் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கப்பலில் இருக்கிறார். ஒருவர் பாதிரியார். மூன்றாமவர் என்னோடு பேசுவதில்லை."

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. புதிதாக ஒன்றைக் கற்க அது தாமதம் என்று சிலர் சொல்வார்கள். ஐந்து வாரமும் மூன்று நாளும் இருக்கின்றன என்று கணக்கிட்டேன். ஆகும் என்று சொன்னேன். சொன்னபோது எனக்குச் சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள், ஜனவரி 18, கப்பலேறியவர் விட்டுப்போன கிதார் ரயிலில் வந்தது. வயிறு சற்று உப்பி, இரண்டு பக்கமும் வளைந்த துளைகளோடு, வயலினுக்குப் பெரியப்பாபோல் இருந்தது. பகல் சாப்பாட்டு வேளையில் கட்டு கட்டும் அறையில், மடிப்பு மேசை ஓரத்தில் உட்கார்ந்து பாடம். ஆபீசுக்கும் அந்த அறைக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்புத்தான்.

மேவிஸ் கற்றுக்கொடுத்தவை மூன்று பிடிகள், அதாவது இடக்கை விரல்களால் தந்திகளை அழுத்தும் மூன்று விதங்கள். ஒரு பிடியில் மூன்று தந்திகள் மட்டும் ஒலிக்கும். மற்றவை விரலின் ஓரம் பட்டு ஊமையாக வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒலித்த உடனே இடக்கையைத் தளர்த்தி அதைக் கொன்றுவிட வேண்டும். நான்கு அடி ஒரு பாகம், பன்னிரண்டு பாகம் ஒரு சுற்று. இரண்டாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் கொஞ்சம் அழுத்தம்.

"தாளக் கிதார் வாசிக்கிறபோது யாருக்கும் கேட்கக்கூடாது. நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிய வேண்டும்" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்த எந்தப் பத்திரிகையிலும் கண்டதில்லை.

இந்தப் பாடத்தைத் தினமும் வேடிக்கை பார்த்தவர் மயிலாத்தாள். சேவூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். பனியன்களை மடித்து, டஜன் டஜனாக நூல்கயிறு போட்டுக் கட்டுபவர். முதல் நாள் சோற்றுத் தூக்கைத் திறந்தபடியே கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், வெங்காயம் அரியறாப்பல நறுக்கு நறுக்குங்குது. பாட்டு எப்பங்க வரும்?" என்றார்.

"பாட்டை அவங்க வாசிப்பாங்க. நான் பின்னாலே இதைத்தான் செய்யணும்."

"அப்ப வெங்காயந்தானுங்களா உங்களுக்கு?" என்று சிரித்தார்.

மேவிஸ் கொங்குத் தமிழில் அவரைவிட வேகமாகப் பேசுவார். "மயிலாத்தாக்கா, சிரிச்சுப்போட்டு மேசைய எடுத்துறாதீங்க. அரை மணி நேரம் குடுங்க" என்றார். பதிலுக்கு மயிலாத்தாள் கம்மஞ்சோற்று உருண்டையை மோரில் கரைத்து ஒரு லோட்டா எங்களுக்கும் தந்தார். மேவிஸின் தூக்கில் உருண்டைக் கறியும் மஞ்சள் சோறும் இருக்கும். கறி வேண்டாம் என்று மயிலாத்தாள் மஞ்சள் சோறு மட்டும் வாங்கிக்கொள்வார். நான் எல்லாவற்றிலும் பங்கு பெற்றேன். பினாங்கில் ஒரு தட்டு நாசி கண்டாரில் ஐந்து குழம்பைக் கலந்து உண்பவனுக்கு இது சிரமமே அல்ல.

பத்து நாளில் விரல் நுனிகள் தோல் உரிந்து, பிறகு காய்த்தன. அளவு நாடாவைப் பிடித்தால் நாடா தெரியவில்லை. மயிலாத்தாள் தன் ஆள்காட்டி விரலை நீட்டி, கயிறு இழுத்து இழுத்துக் கறுத்த தழும்பைக் காட்டினார். "இது வந்தாத்தானுங்க வேல புடிபட்டுதுன்னு அர்த்தம்."

பிடிகள் வந்துவிட்டன. காலப்பிரமாணம் வரவில்லை. தனியே அடிக்கும்போது ஓடினேன், கடினமான பிடி வந்தால் நொண்டினேன். ஜனவரி 29, திங்கட்கிழமை மேவிஸ் சொன்னார்: "ஒரே சீராக ஓடுகிற ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதனோடு சேர்ந்து அடியுங்கள்."

பின்னல் மிஷினோடு முயன்றேன். அது அடியே இல்லாத வேகம். ரயிலடியில் போய் நின்றேன். எந்த ரயிலும் என்னோடு நிற்கவில்லை. பிப்ரவரி 1, வியாழக்கிழமை மாலை, துணி காயட்டும் என்று கட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது நான் தேடியது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

மயிலாத்தாள் பனியனை விரித்து இடப்பக்கத்தை மடிப்பார், அதன்மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. வலப்பக்கத்தை மடிப்பார், எடுத்து அடுக்கின்மேல் ஒரு தட்டு. நான்கு அசைவு. தட்டு விழுவது இரண்டிலும் நான்கிலும். ஒவ்வொன்றையும் விரிக்கும்போதே எண்ணுவார். ஒன்று என்று சொல்வதில்லை, வியாபாரத்தில் முதல் எண்ணுக்கு லாபம் என்றுதான் பெயர். "லாபம்... ரெண்டு... மூணு..." பன்னிரண்டு ஆனதும் ஒரு கட்டு. பன்னிரண்டு பாகம், பாகத்துக்கு நான்கு அடி. ஜாஸ்காரர்கள் அமெரிக்காவில் கண்டுபிடித்ததைச் சேவூர் மயிலாத்தாள் மேசைமேல் நடத்திக்கொண்டிருந்தார். அன்றைய குறிப்பில் "கிடைத்துவிட்டது" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் மாலை, மேவிஸ் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு, ஒரு மணி நேரம் மயிலாத்தாள் மடிக்க, நான் அடித்தேன். ஐந்து என்றால் கை தானாக இரண்டாம் பிடிக்குப் போனது. ஒம்பது என்றால் மூன்றாம் பிடிக்கு. அவர் சீர் தவறவே இல்லை. ஒருமுறை என்னால் அவர் எண்ணிக்கை தவறிவிட்டதென்று சந்தேகப்பட்டு ஒரு கட்டைப் பிரித்து எண்ணினார். சரியாகப் பன்னிரண்டு இருந்தது. "உங்க வெங்காயத்தோட சேந்தா கை விறுவிறுன்னு ஓடுதுங்க" என்றார்.

சென்னியப்பன் வாசலில் நின்று பார்த்தார். "சுருங்காத பனியனுக்கு வந்தவரு கச்சேரிக்குத் தயாராயிட்டீங்களாட்ட இருக்குது. நல்லதுங்க, பழகுங்க பழகுங்க" என்றார். நான் வாசிக்கும் நேரமெல்லாம் அளக்காத நேரம் என்பது அவர் எண்ணம். அந்த வாரத்திலும் எட்டுத் தினுசுகளை அளந்தேன், இரண்டைத் திருப்பினேன்.

பகல் பாடங்களில் மேவிஸ் வியந்தார். ஒரு சுற்று வாசிக்கச் சொல்வார், முடிந்ததும் நிறுத்தி ஒரு திருத்தம் சொல்வார், மறுபடி ஒரு சுற்று. அரை மணி நேரத்தில் அதற்குத்தான் இடமிருந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் திருத்தமே இல்லை. "இன்னும் ஆறு மாதம் இருந்தால் உங்களை யாரும் பினாங்குக்கு அனுப்ப மாட்டார்கள்" என்றார். நால்வரும் சேர்ந்து ஒத்திகை பார்க்க 18-ஆம் தேதி ஞாயிறு குறித்தோம். அன்று நெவிலுக்குச் சரக்கு ரயிலில் வேலை வந்துவிட்டது. சரி, 24-ஆம் தேதி பகல் மூன்று மணிக்கு மன்றத்திலேயே ஒத்திகை, ஏழு மணிக்கு நடனம் என்று ஏற்பாடாயிற்று.

24-ஆம் தேதி பகல் ரயிலைத் தவறவிட்டேன். தவறு என்னுடையது. கடைசித் தினுசு அப்போதுதான் காய்ந்து வந்தது, அளக்காமல் கிளம்ப மனம் வரவில்லை. அளந்தேன். கால் அங்குலம்கூடச் சுருங்கவில்லை. பல்லடம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கிதார்ப் பெட்டியைக் கூரைமேல் போடச் சொன்னார் கண்டக்டர். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

பக்கத்தில் பொங்கலூரிலிருந்து வந்த ஒருவர், காலைக் கட்டிய இரண்டு சேவல்களோடு உட்கார்ந்திருந்தார். "மிஷினுங்களா?" என்று பெட்டியைக் காட்டினார்.

"வாத்தியம்."

"கலியாணத்துக்குங்களா?"

"டான்ஸ்."

அவர் சேவல்களை என் பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அவற்றை எதிலிருந்து பாதுகாத்தார் என்று தெரியவில்லை.

சூலூருக்கு முன்னால் பஸ்ஸின் பின் சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதுவும் காற்றில்லாமல் இருந்தது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். யாரும் கோபப்படவில்லை. ஓட்டுநர் மட்டும் சக்கரத்தோடு பேசினார். சேவல்காரர் வேட்டி மடிப்பிலிருந்து வறுத்த நிலக்கடலை எடுத்து ஒரு கை எனக்குக் கொடுத்து, "எத்தன மணிக்குங்க உங்க டான்சு?" என்றார். ஏழு என்றேன். "அஞ்சுக்கே கெளம்பீரலாமுங்க" என்றார். அப்போது ஐந்தரை.

பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்றைச் சேவல்காரரே நடுரோட்டில் நின்று மறித்தார். சிங்காநல்லூர் வரை பொதிகளின்மேல் படுத்துக்கொண்டு போனேன், மார்பின்மேல் கிதார். அங்கிருந்து குதிரை வண்டி. மன்றத்தின் படியேறும்போது மணி ஏழு பத்து. என் கறுப்புக் கோட்டு பஞ்சு ஒட்டிச் செம்மறியாட்டுத் தோல்போல் இருந்தது. உள்ளே ஐம்பது அறுபது பேர், மூலையில் ஒரு மேசைமேல் இசைத்தட்டுப் பெட்டி மூடி திறந்தபடி தயாராக, அதன் அருகே கமிட்டியின் ஐந்து பேர் நாற்காலியில்.

மேவிஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கோட்டிலிருந்து பஞ்சை இரண்டு கையாலும் தட்டிவிட்டு, "உட்காருங்கள். முதல் நான்கு பாட்டுக்குத் தந்தியை ஊமையாக்கித் தாளம் மட்டும். ஐந்தாவது நம் ப்ளூஸ்" என்றார்.

ஆல்பி, மேவிஸின் சித்தப்பா, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, பாஸ் வாத்தியத்தின் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார். "பினாங்கிலிருந்து நேராகவா?"

"சூலூரிலிருந்து."

"அதுதான் இன்னும் தூரம்."

முதல் நான்கும் சிரமமில்லாமல் போயின. பிடி எதுவும் பிடிக்க வேண்டியதில்லை. மேடையில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்பதைக் கமிட்டியும் எண்ணிப் பார்த்துக்கொண்டது. பிறகு மேவிஸ் காலால் நான்கு தட்டினார். ப்ளூஸ் தொடங்கியது.

முதல் சுற்றை நான் வாசித்தது போல எந்தத் தொடக்கக்காரரும் வாசித்திருக்க மாட்டார். காதுக்குள் மயிலாத்தாள் எண்ணினார், கை போனது. ஆல்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பதினொண்ணு, பன்னண்டு. நான் நிறுத்தினேன்.

நிறுத்தவேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. கை நின்றது. மற்ற மூவரும் அடுத்த சுற்றுக்குள் போய்விட்டார்கள். நான்கு அடி கழித்து என் கை தானாகத் தொடங்கியது, ஒரு பாகம் பின்தங்கி. அவர்கள் இரண்டாம் பிடிக்கு மாறியபோது நான் முதலில் இருந்தேன். மேடையிலிருந்து வந்த ஒலியைக் கேட்டு ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி இன்னொரு ஜோடியின்மேல் மோதியது.

மேவிஸ் என் பக்கம் திரும்பிச் சரியான பாகத்தைத் தலையாட்டிக் காட்டினார். பிடித்துக்கொண்டேன். இரண்டாம் சுற்று முடிந்தது. கை மறுபடி நின்றது.

"என்ன, ஸ்டேஷன் வந்துவிட்டதா?" என்றார் ஆல்பி. கமிட்டிச் செயலாளர் இசைத்தட்டுப் பெட்டியை நோக்கி எழுந்து நின்றார்.

அந்த நான்கு அடி இடைவெளியில்தான் எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு பனியன் ஆனதும் மயிலாத்தாள் கயிற்றைச் சுற்றுவார், குறுக்கே போடுவார், முடிச்சை இழுப்பார், கட்டைத் தூக்கி ஓரமாக வைப்பார். அதுவும் நான்கு அசைவு. பிறகுதான் லாபம். மூன்று வாரமாக நான் பழகியது பன்னிரண்டு பாகமும் ஒரு முடிச்சும். மேவிஸோடு எப்போதும் ஒரே சுற்றோடு நிறுத்தியதால் இது யார் கண்ணிலும் படவில்லை. இங்கே இல்லாத, முப்பது மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கட்டுக்காக என் கை காத்திருந்தது. காரணம் தெரிந்தும் அதைத் திருத்த வழியில்லை. மூன்றாம் சுற்றில் நிறுத்தக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். பத்தாம் பாகத்தில் பிடி நழுவியது.

மேவிஸ் அதைப் பார்த்தார். பதினோராம் பாகத்தில் கிதாரின் கழுத்தை உயர்த்தி, ஆல்பிக்கும் நெவிலுக்கும் தெரியும்படி ஓர் அசைவு. பன்னிரண்டு முடிந்ததும் நால்வரும் சேர்ந்து நின்றோம். அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த நான்கு அடிக்குள் மேவிஸ் தனியாக ஒரு சிறிய வரி வாசித்தார். கீழே இறங்கி, ஒருமுறை நொடித்து, மேலேறும் வரி. ஐந்தாவது அடியில் நால்வரும் ஒன்றாக விழுந்தோம்.

யாரோ பின்னால் விசிலடித்தார்கள்.

அடுத்த சுற்றிலும் அப்படியே. அவர் வேறொரு வரி வாசித்தார். ஆடுகிறவர்கள் ஐந்தாவது சுற்றில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு முடிந்ததும் எல்லாரும் எந்த நிலையில் இருக்கிறார்களோ அப்படியே நிற்பது, மேவிஸ் தனியே வாசித்து முடித்ததும் மறுபடி ஆடுவது. பருத்த உடம்புக்காரரான ஒரு கார்டு ஒற்றைக் காலில் நின்று, மனைவியின் தோளைப் பிடித்துத் தள்ளாடினார். அவர் விழுவாரா என்று பார்ப்பதற்கென்றே அடுத்த சுற்றை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். செயலாளர் எழுந்தவர் உட்காரவும் இல்லை, பெட்டியைத் தொடவும் இல்லை. அவர் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த ஒரு ப்ளூஸை அன்று மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை என் கை நிற்பதில் ஒரு கம்பீரமே வந்துவிட்டது.

நடனம் முடிந்து மஞ்சள் சோறு சாப்பிடும்போது முடிச்சு விஷயத்தை மேவிஸிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆறு வருஷமாக அந்தத் தடுப்புக்கு மறுபக்கம் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். பன்னிரண்டு ஆனால் நானும் நிறுத்திக் காகிதத்தைச் சரிசெய்வேன். இன்றைக்குத்தான் ஏன் என்று தெரிகிறது." ஆல்பி குறுக்கிட்டு, "அப்படியானால் முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கமிட்டி அன்று ஒன்றும் அறிவிக்கவில்லை. நான்கு பேர் இருந்தார்கள், சரி, யோசிக்கிறோம் என்று செயலாளர் சொன்னதோடு சரி. மேவிஸின் முகத்தில் வாசித்தபோது இருந்த நிச்சயம் அப்போது இல்லை. "மோசமாக இருந்தது என்று சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்" என்றார் என்னிடம்.

பிப்ரவரி 26, திங்கட்கிழமை மயிலாத்தாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "முடிச்சுப் போடாம எப்படிங்க சார் கட்டு நிக்கும்? அவிங்க இத்தன நாளா அவுத்துப் போட்டே வாசிச்சிருக்காங்க" என்றார். சரக்கு முழுவதும் அந்த வாரமே கட்டப்பட்டது. கடைசிக் கட்டை முருகன் படத்தின் முன் வைத்துவிட்டு, "இனி சுருங்குனா அது உங்க ஊரு தண்ணிங்க" என்றார் சென்னியப்பன். மார்ச் முதல் வாரத்தில் கப்பலேறினேன். கிதார் போத்தனூருக்குத் திரும்பியது.

1968 ஏப்ரல் 22, திங்கட்கிழமை தேதியிட்ட மேவிஸின் கடிதம் மே மாதம் பினாங்கு வந்து சேர்ந்தது. தட்டச்சுக் கடிதம், பிழை ஒன்றுகூட இல்லை. ஈஸ்டருக்குப் பிந்திய முதல் சனிக்கிழமை அவர் குழுதான் வாசித்தது. இந்த ஆண்டுச் சனிக்கிழமைகள் எல்லாம் அவர்களுக்கே. ஜோலார்பேட்டை உறவினர் வந்துவிட்டார். என்னைவிட நூறு மடங்கு நன்றாக வாசிக்கிறார். ஆனால் பன்னிரண்டுக்குப் பிறகு நிற்க அவருக்கு வரவில்லை. இரண்டு முறை நிற்காமல் ஓடி, ஆடுகிறவர்களிடம் வசை வாங்கினார். இப்போது பழகிவிட்டார்.

கமிட்டி ஏன் அப்படி முடிவு செய்தது என்பதில் இரண்டு கூற்றுகள் உள்ளன. அன்று நின்று நின்று ஆடியதுதான் காரணம், செயலாளரின் மனைவி வீட்டில் பேசியிருக்கிறார் என்பது மேவிஸின் கடிதம். மேடையில் நான்கு பேர் இருந்தார்கள், விதி நிறைவேறிவிட்டது, வேறு காரணமே கிடையாது என்று ஆல்பி அதே உறையில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருக்கிறார். கூட்டக் குறிப்பின் நகல் ஒன்று கேட்டுச் செயலாளருக்கு ஜூனில் ஒரு கடிதமும் செப்டம்பரில் ஒரு கடிதமும் எழுதினேன். பதில் இல்லை. சனிக்கிழமைகள் மேவிஸுக்குக் கிடைத்தன என்பது உறுதி. நாங்கள் நின்ற அந்த நான்கு அடிகளால் கிடைத்தனவா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.